ஐசோல்சிபியூஸ் போட்ட பிறகு நான்கு த்ரெட்டும் ஒரே கோரில் ஓடுகின்றன, ஏன்?

கேள்வி:
8 கோர், கோருக்கு இரண்டு வீதம் 16 ஹார்டுவேர் த்ரெட் (0 முதல் 15 வரை எண்) உள்ள இன்டெல் மெஷின், உபுண்டு. நான்கு கேமராவின் படங்களை அலசும் புரோகிராம், கேமராவுக்கு ஒரு த்ரெட். வேறு வேலைகள் குறுக்கே வந்து ஃபிரேம் விட்டுப்போகிறதே என்று கிரப் (பூட் லோடர்) ஃபைலில் ஐசோல்சிபியூஸ்=4-7 (சில கோர்களை மற்ற வேலைகளிலிருந்து ஒதுக்கிவைக்கும் கெர்னல் அமைப்பு) சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டி, ரீபூட் செய்தேன். புரோகிராமை டாஸ்க்செட்டில் (எந்தக் கோர்களில் ஓடலாம் என்று சொல்லும் கட்டளை) 4-7 கொடுத்துத்தான் தொடங்குகிறேன். ஆனால் டாப்பில் 1 அழுத்திப் பார்த்தால் 4ஆம் கோர் மட்டும் 100%, மற்ற மூன்றும் சும்மா கிடக்கின்றன. முன்பைவிட அதிகமாக ஃபிரேம் போகிறது. இரண்டு நாளாக இதே வேலைதான், யாராவது சொல்லுங்கள்.

பதில் 1:
/ப்ராக்/சிஎம்டிலைன் ஃபைலில் (பூட் ஆனபோது கெர்னலுக்குப் போன அமைப்புகள் அதில் இருக்கும்) ஐசோல்சிபியூஸ் என்ற சொல் வந்திருக்கிறதா?

கேட்டவர்:
வந்திருக்கிறது.

பதில் 2:
அப்படியானால் ஐசோல்சிபியூஸ் சரியாகத்தான் வேலை செய்கிறது நண்பரே. அந்தக் கோர்களை ஷெட்யூலரின் லோட் பேலன்ஸிங்கிலிருந்தே (வேலைகளைக் கோர்களுக்குள் பிரித்து நகர்த்துவது) அது எடுத்துவிடும். வெளி வேலை உள்ளே வராது, அதேபோல உள்ளே இருக்கும் த்ரெட்டை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு யாரும் நகர்த்தவும் மாட்டார்கள். 4-7 என்று மொத்தமாகக் கொடுத்தால் நான்கும் 4இலேயே குவிந்து கிடக்கும். ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனிக் கோரில் நீங்களே கட்டிவைக்க வேண்டும். கோடில் பித்ரெட்_செட்அஃபினிட்டி_என்பி, இல்லையென்றால் த்ரெட் ஐடியைப் பார்த்து டாஸ்க்செட் மைனஸ் பி.

கெர்னல் ஆவணமே ஐசோல்சிபியூஸுக்குப் பதிலாக சிபியூசெட்டைத்தான் (புரோகிராம்களைக் குழுவாக்கும் சிகுரூப் வசதியில் கோர்களை ஒதுக்கும் பகுதி) பரிந்துரைக்கிறது. சிகுரூப் 2இல் 4-7க்கு ரூட் வகைப் பார்ட்டிஷன் அமைத்தால் அந்த நான்குக்குள் பேலன்ஸிங் நடக்கும், மாற்ற ரீபூட்டும் வேண்டாம்.

கேட்டவர்:
கோடில் கட்டினேன், நான்கு கோரும் ஓடுகின்றன, மிக்க நன்றி! ஆனால் பின்னணியில் பெரிய கம்பைல் ஓடும்போது மட்டும் இன்னும் ஒன்றிரண்டு ஃபிரேம் போகிறது.

பதில் 2:
/சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியூ/சிபியூ4/டோபாலஜி அடைவில் த்ரெட்_சிப்ளிங்ஸ்_லிஸ்ட் என்ன காட்டுகிறது?

கேட்டவர்:
4,12

பதில் 2:
அதுதான் காரணமாக இருக்கும். 4உம் 12உம் ஒரே கோரின் இரண்டு முகங்கள். கம்பைல் 12இல் ஏறி உங்கள் கோரின் பாதியை எடுத்துக்கொள்கிறது. 12-15ஐயும் ஐசோலேட் செய்து காலியாக விடுங்கள். அப்புறமும் போனால் /ப்ராக்/இன்டரப்ட்ஸ் பாருங்கள், ஐசோல்சிபியூஸ் மட்டும் போட்டால் இன்டரப்ட்கள் (சாதனங்கள் சிபியூவைக் கூப்பிடும் குறுக்கீடுகள்) தானாக விலகிவிடாது.

கேட்டவர்:
4-7,12-15 என்று மாற்றினேன். கம்பைல் ஓடவிட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒரு ஃபிரேம்கூடப் போகவில்லை.