டூரிங் க்ரூஸர் வைத்திருப்பவர்களே, தொந்தரவை மட்டும் சொல்லுங்கள்

பாலக்கோட்டான் (கே.ஆர்.புரம்)

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் கே.ஆர்.புரத்தில் இருக்கிறேன், சொந்த ஊர் பாலக்கோடு. வயது 41. பன்னிரண்டு வருடமாக ஒரே 150 சிசி வண்டிதான். மாதம் ஒரு தடவை நானும் மனைவியும் ஊருக்குப் போய் வருவோம். வருடத்துக்கு இரண்டு நீண்ட பயணமும் உண்டு, போன தடவை ராமேஸ்வரம். இந்த வருடம் குடகு போகலாம் என்று பேச்சு.

650 சிசி டூரிங் க்ரூஸர் (தாழ்ந்த சீட்டில் காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து நீண்ட தூரம் போகிற பைக்) வாங்கலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஷோரூமில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், இறங்கவே மனசில்லை. வீடியோக்களிலும் புகழ்ச்சிதான். அதனால்தான் கேட்கிறேன். இரண்டு வருடமாவது வைத்திருந்தவர்கள் பட்ட கஷ்டத்தைச் சொல்லுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

முக்கியமாக இரண்டு விஷயம் தெரிய வேண்டும். தினமும் ஒயிட்ஃபீல்டு ஆபீஸுக்கும் இதையே எடுத்துப் போக முடியுமா? மனைவிக்கு இடுப்பு வலி உண்டு, பின்னால் உட்கார முடியுமா?

கரூர்க்காரன் (ஹலசூரு)

சார், 650 சிசி இரட்டை சிலிண்டர் க்ரூஸர், 2023 கடைசியில் எடுத்தேன். இப்போது 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வண்டியை விற்கிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் வாங்குவதற்கு முன்னால் யாராவது எனக்கு இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே என்று பல நாள் நினைத்ததுண்டு.

முதலில் எடை. என் வண்டி 240 கிலோவுக்கு மேல். சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான், உட்கார்ந்தால் இரண்டு காலும் நன்றாகத் தரையில் பதியும், ஓடும்போது எடையே தெரியாது. ஷோரூம் பத்து நிமிடத்தில் நீங்கள் பார்த்தது அதைத்தான். எடை தெரிவது வீடு வந்து சேர்ந்த பிறகு. எங்கள் வீடு ஹலசூருவில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. வாசலில் சாக்கடையை மூடிப் போட்ட கடப்பா கல். தினமும் ராத்திரி அந்தக் கல்லைத் தாண்டி வண்டியைப் பின்பக்கமாக ஏற்றி நிறுத்த வேண்டும். ரிவர்ஸ் கியர் கிடையாது. இரண்டு காலையும் ஊன்றித் தள்ளும்போது, ஃபுட்ரெஸ்ட் முன்னால் இருப்பதால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வந்து இடிக்கும்.

வாங்கிய மூன்றாவது மாதம், மழை நாள். இடது கால் அந்தக் கல்லில் வழுக்கியது. வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது. என் பழைய வண்டியாக இருந்தால் பிடித்து நிமிர்த்தியிருப்பேன். அந்தப் பழக்கத்தில் இதையும் பிடித்தேன். கிளட்ச் லீவரின் முனை உடைந்தது, என் இடது மணிக்கட்டுக்கு ஆறு வாரம் கட்டு. எதிர்வீட்டு அண்ணனும் பால் போடுகிற தம்பியும் வந்துதான் தூக்கினார்கள். தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் விட்டுவிட்டு விலகுங்கள். லீவர் கடையில் கிடைக்கும்.

உங்கள் அபார்ட்மென்டில் பேஸ்மென்ட் பார்க்கிங் இருந்தால், வாங்குவதற்கு முன்னால் அந்தச் சரிவில் நின்று பாருங்கள். மூக்கு கீழே பார்க்க நிறுத்திவிட்டால் தனி ஆளாகப் பின்னால் இழுக்கவே முடியாது.

இரண்டாவது, உட்காருகிற விதம். உங்கள் மனைவியின் இடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள், ஆனால் உங்கள் இடுப்பையும் கணக்கில் எடுங்கள். சாதாரண வண்டியில் பள்ளம் வந்தால் நாம் என்ன செய்வோம்? ஃபுட்ரெஸ்டில் காலை அழுத்தி, சீட்டிலிருந்து ஒரு விரல் எழும்புவோம். யோசித்துச் செய்வதில்லை, தானாக நடக்கும். க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் எழும்ப வழியில்லை. உடம்பின் பாரம் முழுக்க வால் எலும்பில். பின் ஷாக் அப்சார்பரும் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான் அமுங்கும். அதனால் அடி நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது. கரூர் எனக்கு சுமார் 300 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி வரைக்கும் சொர்க்கம். அதற்கப்புறம் ஒவ்வொரு மேம்பாலத்திலும் இணைப்பு வரும் இடத்தில் ஒரு குத்து. தொப்பூர் இறங்கும்போதே அடுத்த டீக்கடை எங்கே என்று கண் தேட ஆரம்பித்துவிடும். ஜெல் சீட், காற்றுத் தலையணை எல்லாம் போட்டுப் பார்த்தேன். உட்கார்ந்த இடம் மரத்துப்போவது குறைந்தது, குத்து குறையவில்லை. நீண்ட பயணத்துக்கென்றே செய்த வண்டியில் இதுதான் எனக்கு மிகப் பெரிய குறை. சீட்டை மாற்றலாம், கைப்பிடியை மாற்றலாம், உட்காரும் கோணத்தை மாற்ற முடியாது.

வேகத்தடை. தரையிலிருந்து வண்டிக்கு உள்ள இடைவெளி 135 மில்லிமீட்டர். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் உரசாது. நம் லேஅவுட்களில் வீட்டுக்காரர்களே சிமெண்ட் குழைத்துப் போடுகிற தடை இதைவிட உயரம், அகலமோ ஒரு முழம். இரண்டு பேரும் பையுமாகப் போனால் அடிவயிற்றில் கிர்ரென்று கேட்கும். குறுக்காக, சாய்வாக ஏறி இறங்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டு இல்லை. சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயினுக்கு எண்ணெய் போட வேண்டுமே, சக்கரத்தைச் சுற்ற வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும்போது நான் வண்டியை ஒரு அடி தள்ளுவேன், என் மகள் குந்தி உட்கார்ந்து ஸ்ப்ரே அடிப்பாள். "அப்பா, நிறுத்து" என்பாள், நிறுத்துவேன். மறுபடி ஒரு அடி. அவளுக்கு ஒன்பது வயது, இப்போது செயின் தொய்வைக்கூடக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுகிறாள். பயணத்தில் பின் சக்கரம் பஞ்சரானால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்து வையுங்கள். ட்யூப்லெஸ் டயர் உள்ள வண்டியாகப் பார்த்து எடுங்கள்.

ஒயிட்ஃபீல்டுக்குத் தினமுமா? வேண்டாம் சார். டின் ஃபாக்டரியிலும் ஹூடியிலும் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது இன்ஜின் சூடு வலது தொடையைச் சுடும், ஜீன்ஸ் போட்டிருந்தாலும் தெரியும். எனக்கு ஊருக்குள் லிட்டருக்கு 19, ஹைவேயில் 25. நீங்கள் இருப்பது கே.ஆர்.புரம். 2023 மார்ச்சிலிருந்து அங்கிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு ஊதா வழித்தட மெட்ரோ ஓடுகிறதே!

பின்சீட் (ராமமூர்த்தி நகர்)

அண்ணா, நான் ஓட்டுகிறவள் இல்லை, இரண்டு வருடமாகப் பின்னால் உட்கார்கிறவள். என் வீட்டுக்காரர் வைத்திருப்பதும் இதே அளவு வண்டி. எனக்கும் கீழ் முதுகில் டிஸ்க் தொந்தரவு உண்டு. அதனால் நேராகவே சொல்கிறேன்.

முன்சீட் சோபா. பின்சீட் ஒரு பலகைத் துண்டு. அதுவும் லேசாகப் பின்பக்கம் சரிவு. ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வயிற்றை இறுக்கிப் பிடித்து உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் அப்படி இருந்து பாருங்கள், இறங்கும்போது நிமிர முடியாது. முதுகுச்சாய்வு மாட்டிய பிறகுதான் எனக்கு நிம்மதி. அதைத் தனியாகத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். சீட்டை ஜே.சி.ரோட்டில் ஒரு கடையில் கொடுத்து, அந்தப் பின்பக்கச் சரிவை எடுத்து அகலமாகத் தைத்து வாங்கினோம்.

சாய்வு மாட்டியதும் வேறொரு கஷ்டம் வந்தது. ஏறுவது. பின்னால் சாய்வு நிற்கிறது, இரண்டு பக்கமும் பை தொங்குகிறது, காலை எங்கே சுழற்றுவது? இடது ஃபுட்ரெஸ்டில் ஏறி நின்றால் வண்டி என் பக்கம் சாயும், அவர் பல்லைக் கடித்துப் பிடிப்பார். இப்போது நடைபாதை ஓரமாக நிறுத்தச் சொல்லி அங்கிருந்து ஏறுகிறேன். பெட்ரோல் பங்க்கில் இறங்கச் சொன்னால்தான் எனக்குக் கோபம் வரும்.

கரூர் அண்ணா சொன்னதெல்லாம் சரி. ஆனால் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அண்ணியைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டினீர்களா? அதை நீங்கள் சொல்லவே இல்லை. அவர்களிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

மண்டியா ரோடு

குடகு போவதாகச் சொன்னதால் இது. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை. 100 சிசியானாலும் 650 சிசியானாலும் ஒன்றுதான். பிடதி, ராமநகரம், மத்தூர் என்று சர்வீஸ் ரோட்டிலேயே போக வேண்டும். இவ்வளவு பெரிய வண்டியை வாங்கி, எதிரே தவறான பக்கத்தில் வருகிற ஆட்டோவுக்கு பிரேக் பிடித்துக்கொண்டே போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

விலையையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 350 வரை 18 சதவீதம்தான். கர்நாடகப் பதிவு என்றால் ஆயுள் வரி அதற்கு மேல். ஆன்ரோடு விலையை எழுதி வாங்கிய பிறகு முடிவு செய்யுங்கள்.

பாலக்கோட்டான் (கே.ஆர்.புரம்)

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. பின்சீட் அக்கா, நீங்கள் கேட்டது சரிதான், மனைவியை நான் ஷோரூமுக்குக் கூட்டிப் போகவே இல்லை. நேற்று ராத்திரி எல்லாப் பதிலையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா முதல்ல நம்ம ஊர் வரைக்கும் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றாள். ஆபீஸுக்கு மெட்ரோ, இல்லையென்றால் பழைய வண்டி. அதில் குழப்பம் தீர்ந்தது.

வர்ற சனிக்கிழமை இதே வகை வண்டி ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுக்கிறேன். ஓசூர், ராயக்கோட்டை வழியாக பாலக்கோடு, ஞாயிறு மாலை திரும்புகிறோம். பேஸ்மென்ட் சரிவிலும் இறக்கி ஏற்றிப் பார்த்துவிடுவேன். கரூர் சார், எடுக்கும்போது எதையாவது பார்க்க வேண்டுமா?

கரூர்க்காரன் (ஹலசூரு)

பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வாடகைக் கடையில் பெரும்பாலும் ஒரு ஆள் கணக்குக்குத்தான் வைத்திருப்பார்கள். இரண்டு பேருக்கு ஏற்ற மாதிரி இறுக்கித் தரச் சொல்லுங்கள், பின் டயர் காற்றையும் பின்னால் ஆள் உட்காரும் அளவுக்கு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் வண்டி முதல் வேகத்தடையிலேயே உட்கார்ந்துவிடும், அண்ணி அங்கேயே முடிவு சொல்லிவிடுவார். ஞாயிறு திரும்பும்போது அத்திப்பள்ளியை நாலு மணிக்குள் தாண்டப் பாருங்கள். அப்புறம் சந்தாபுரா, பொம்மசந்திராவில் மாட்டிக்கொண்டால் தொடை சூடு என்றால் என்ன என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.