35 மி.மீ.-ஆ, 50 மி.மீ.-ஆ? முகம் முகமாகவே தெரிய எந்த லென்ஸ்?

வணக்கம். போன ஞாயிறு கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அக்கா குடும்பத்தைப் படம் எடுத்தேன். 1.5 மடங்கு கிராப் சென்சார் கேமரா (பழைய 35 மி.மீ. பிலிம் அளவான முழு பிரேமைவிடச் சின்ன சென்சார், அதனால் காட்சி குறுகித் தெரியும்), கூடவே வந்த 18-55 மி.மீ. லென்ஸ் (எண் குறைந்தால் காட்சி அகலமாகும்). எல்லோரும் அடங்கட்டும் என்று 18-இல் வைத்துக் கிட்டே போய்விட்டேன். ஓரத்தில் நின்ற மாமாவின் தலை பூசணிக்காய் மாதிரி இழுத்துக்கொண்டது. முன்னால் நின்ற பாப்பாவுக்கு மூக்குதான் முதலில் தெரிகிறது. அக்கா இன்னும் சரியாகப் பேசவில்லை!

மூக்கு பெரிதாவது லென்ஸால் அல்ல, நிற்கும் தூரத்தால் என்று அப்புறம்தான் புரிந்தது. சரி, தள்ளி நிற்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக் கூடம் பத்தடிதான். 50 போட்டால் முதுகு சுவரில் முட்டும். 35 என் கேமராவில், முழு பிரேம் கேமராவில் 52 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் காட்டும். ஒரு லென்ஸுக்குத்தான் காசு இருக்கிறது. பாண்டிச்சேரி ஒயிட் டவுன் தெருக்களிலும் எடுக்க ஆசை. இரண்டையும் பயன்படுத்தியவர்கள், மூன்று நான்கு பேர் நிற்கும் படத்துக்கு எது இயல்பாக வருகிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்களேன்.