தோழியோடு செலவழிக்கும் நேரம் கர்த்தருக்குரிய நேரமா, என் பொழுதுபோக்கா?

ஈரக்குடை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளாக மற்றவர்களின் கேள்விகளைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்த ஆள் நான். இப்போது எனக்கே ஒரு கேள்வி.

கல்லூரிக் காலத்திலிருந்து எனக்கு ஒரு தோழி. அவள் விசுவாசி இல்லை. கடவுள் பேச்சு வந்தால் சிரித்துவிட்டு வேறு விஷயத்துக்குத் தாவிவிடுவாள். அவளுடைய அம்மாவுக்கு மறதி நோய். சொந்த மகளையே சில நேரம் "நீங்க யாரும்மா?" என்று கேட்கிறார். புதன்கிழமை வேலை முடிந்ததும் நான் அங்கே போவேன். பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அந்த வாரத்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி, காலை, மதியம், இரவு என்று டப்பாவில் பிரித்துப் போட்டபடி பேசிக்கொண்டிருப்போம். ஆபீஸ் வம்பு, பழைய வாத்தியார்கள், யாருக்குக் கல்யாணம், யார் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா நடுவில் வந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துவிடுவார். அதைத் தேடி எடுப்பதற்குள் மூன்று பேருக்குமே சிரிப்பு வந்துவிடும்.

எங்கள் சபையின் வீட்டு ஜெபக்குழுவும் புதன் மாலைதான். குழுவை நடத்தும் அக்கா நல்லவர், என்மேல் அக்கறை உள்ளவர். போன வாரம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிடிச்சவங்களோட உட்கார்ந்து பேசறது பெரிய காரியமாம்மா? வரி வசூலிக்கிற ஆயக்காரரும் அதைத்தானே செய்யறாங்க? இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது அவளுக்குச் சுவிசேஷம் சொன்னியா?"

சொன்னதில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருப்பது போலவும் தெரிகிறது. பிறனை நேசி என்றால் பிடிக்காதவனையும் சேர்த்துத்தானே? எனக்கோ அங்கே போகப் பிடிக்கிறது. அதில் தியாகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆத்தும ஆதாயத்துக்காக, அதாவது அவளை விசுவாசியாக்கும் நோக்கத்தோடு, இனிமேல் போகலாம் என்றால், அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியாது என்று தோன்றுகிறது. நான் என்ன செய்ய?

சங்குமணி:

சகோதரி, உங்கள் அக்கா சொன்னது மத்தேயு 5:46, நம்மை நேசிக்கிறவரையே நேசித்தால் என்ன பலன் என்று கேட்கிற வசனம். அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல சமாரியன் உவமையைப் பாருங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்து, சமாரியன் காப்பாற்றினானே, அவன் சமாரியனுக்கு நண்பனா? முன்பின் தெரியாதவன், அதிலும் ஆகாத ஜாதியான். பிறனிடத்தில் அன்பு அங்கேதான் சோதிக்கப்படுகிறது. நட்பு பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நமக்கு இதமாக இருக்கிற ஒன்றை எடுத்து அதற்குக் கட்டளையின் பெயரை வைத்துவிடுவது சுலபம். கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் 10:25 சொல்கிறது. தோழியைப் பார்க்க வேறு நாள் போகலாமே?

ஈரக்குடை:

வேறு நாள் முடியாது ஐயா. மற்ற நாளில் அவள் வீடு திரும்ப இரவாகிவிடும். அதுவரை அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர் புதன் மட்டும் சீக்கிரம் கிளம்பிவிடுவார், அதனால் அன்றைக்கு இவளும் சீக்கிரம் வந்துவிடுவாள்.

பழைய வார்டு:

மகளே, நான் கத்தோலிக்கன். உங்கள் சபை நடைமுறை எனக்கு முழுசாகத் தெரியாது. வயதானவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

சங்குமணி காட்டிய வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால் போனால் பகைவரிடம் அன்பு கூருங்கள் என்று இருக்கிறது. ஆண்டவர் அங்கே கண்டிப்பது, நேசிக்கிறவரை நேசிப்பதோடு நின்றுவிடுவதை. அவர்களை நேசிப்பதையே விட்டுவிடு என்று சொல்லவில்லை. அவருக்கே நெருக்கமானவர்கள் இருந்தார்கள். பன்னிரண்டு சீடரில் மூவரை மட்டும் மலைக்குக் கூட்டிப் போனார். மார்த்தா, மரியா, இலாசர் மூவர்மேலும் அவருக்கு அன்பு இருந்தது என்று யோவான் தனியாகக் குறித்து வைக்கிறார். எல்லாரையும் நேசித்தவர், சிலரோடு கூடுதலாகப் பழகினார். அதில் அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

என்னைக் கேட்டால், பிடிபடுவதற்கு முன் அவர் ஜெபித்த கெத்சமனி தோட்டம்தான் இதில் முக்கியம். இங்கே தங்கி என்னோடு விழித்திருங்கள் என்று அவர் சீடர்களிடம் கேட்கிறார். ஊரெல்லாம் குணமாக்கித் திரிந்தவர், அந்த ராத்திரி தனக்கு ஆள் வேண்டும் என்று கேட்கிறார். அவர்கள் தூங்கிப் போனார்கள் என்பது வேறு கதை.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உதவி செய்வது எனக்குக் கை வந்த கலை. அப்புறம் என் மனைவி படுத்துவிட்டாள். எங்கள் கோயில் பங்கிலிருந்து முறை போட்டு வந்தார்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, தாழ்ந்த குரலில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். நன்றி சொல்லிச் சொல்லி நான் களைத்துப் போனேன். என் பழைய சகா ஒருவன் வருவான், அவன் இதெல்லாம் கேட்கமாட்டான். துவைத்துக் குவிந்து கிடந்த துணியை இஸ்திரி போட ஆரம்பித்துவிடுவான். "காலரைப் பாரு, கழுத்தை எதைப் போட்டுடா தேய்க்கிறே?" என்று என்னைத் திட்டிக்கொண்டே போடுவான். ஒரு நாள் பெட்டியைச் சட்டைக்கு மேலே நிறுத்திப் பிடித்தபடி, தன் பையன் படிப்பை விட்டுவிட்டதைச் சொல்லி, "நான் என்ன செய்யட்டும்?" என்று என்னிடம் யோசனை கேட்டான். என் வீட்டில் நோயாளி படுத்திருக்கிறாள், இவன் தன் கஷ்டத்தைக் கொண்டுவந்து என் மடியில் போடுகிறான்! எனக்குக் கோபம் வரவில்லை. பரிதாபத்துக்குரிய ஆளாக மட்டும் இருந்த என்னிடம், அன்றைக்குத்தான் ஒருவன் ஏதோ கேட்டிருக்கிறான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

உன் தோழிக்கும் நாள் முழுக்க அடுத்தவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வருகிறவர்கள் அம்மாவைப் பற்றித்தான் விசாரித்திருப்பார்கள். நீ ஆபீஸ் வம்பைக் கொண்டு போகிறாய். உன் தொல்லைக்கு அவள் வழி சொல்கிறாள் அல்லவா? அதை அற்பமாக நினைக்காதே. கொடுத்துக்கொண்டே இருப்பவனுக்கு ஒரு மெல்லிய கர்வம் வந்துவிடும், வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். நண்பனிடம் வாங்கவும் வேண்டியிருக்கிறது, அதனால் அந்தக் கர்வம் அங்கே தங்காது.

தியாகம் இல்லையே என்கிறாய். கவலைப்படாதே, வரும். நான்காம் நூற்றாண்டில் புனிதர்களான பெரிய பசிலியாரும் நசியான்சுஸ் கிரகோரியாரும் ஏதென்ஸில் ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு உடலில் ஓர் உயிர் என்று சொல்லும்படி பழகியவர்கள். ஆயரான (பிஷப்) பசிலியார், ஆயர்களுக்கு நடுவே நடந்த எல்லைத் தகராறில் தன் பக்கத்துக்குப் பலம் சேர்க்க, 372-இல் கிரகோரியாரை சாசிமா என்ற புழுதி பிடித்த ஊருக்கு ஆயராக்கிவிட்டார். கிரகோரியாருக்கு மனசு விட்டுப் போயிற்று. நண்பனே தன்னைப் பகடைக்காயாக்கிவிட்டான் என்ற வருத்தம். 379-இல் பசிலியார் இறந்தார். சில வருடம் கழித்து கிரகோரியார் அவருக்காக ஆற்றிய இரங்கலுரை மிக நீளமானது, மிக அன்பானது. சாசிமா விவகாரத்தை அதிலும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்! எங்கள் நாள்காட்டியில் இருவருக்கும் ஜனவரி 2-ஆம் தேதி ஒரே திருநாள். பிடித்தவனே ஒரு நாள் பிடிக்காதவனாகிப் போவான். அப்போதும் விடாமல் இருந்தால், சங்குமணி கேட்கிற சோதனையும் நட்புக்குள்ளேயே நடந்துவிடும்.

கண்ணாடிச்சில்லு:

நான் கிறிஸ்தவர் இல்லை. மத ஒப்பீடு படிக்க இந்தப் பக்கம் வருவேன். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

ஒரு காலத்தில் ஒரு குழுவினர் என்னோடு மிக அன்பாகப் பழகினார்கள். பிறந்தநாள் மறக்கமாட்டார்கள். கூட்டத்துக்கு வர விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகு போன் நின்றுவிட்டது. அந்தப் பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் எதற்கு வந்தது என்று அப்புறம்தான் புரிந்தது. அதனால் ஈரக்குடையின் தயக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு இப்போதிருக்கும் நெருங்கிய தோழி தீவிரமான கிறிஸ்தவர். தன் வேலையைப் பற்றிப் பேசுவது போலவே ஜெபத்தைப் பற்றியும் பேசுவார். "இன்னைக்குக் கர்த்தர்கிட்ட சண்டை போட்டேன்" என்பார். அது எனக்குத் தொந்தரவாகப் பட்டதே இல்லை, ஏனென்றால் அதைச் சொல்லி என்னிடமிருந்து எதையும் எதிர்பார்ப்பதில்லை. அதை அவர் கவனமாக மறைத்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். உங்கள் தோழிக்கு உங்களில் பாதியைத்தான் தெரியும் என்று நினைக்கிறேன், ஈரக்குடை. அவள் சிரித்தால் சிரிக்கட்டுமே.

சங்குமணி:

வார்டு ஐயா எழுதியதைப் படித்தேன். நண்பன் ஒரு நாள் பிடிக்காதவனாவான் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். என் பக்கத்தையும் முழுசாக விடமாட்டேன். சகோதரி, அந்த வீட்டில் உங்களுக்குத் தோழியாக இல்லாத ஒருவர் இருக்கிறார். அந்த அம்மா. அவருக்கு உங்கள் பெயர் தெரியாது, நீங்கள் வந்து போனது நாளைக்கு ஞாபகம் இருக்காது, திருப்பித் தர அவரிடம் எதுவும் இல்லை. நீங்கள் இருவரும் பேசும்போது அவரும் பேச்சில் இருக்கிறாரா, மாத்திரையை எடுத்தால் மட்டும் திரும்பிப் பார்க்கிறீர்களா? குற்றம் சொல்ல வரவில்லை. இரண்டு பேருடைய நட்பில் மூன்றாவது ஆளுக்கு இடம் இருந்தால், என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

ஈரக்குடை:

சங்குமணி ஐயா, சில நாள் அவர் எங்களோடு உட்காருவார், சில நாள் டிவி முன்னால் விட்டுவிடுவோம். நீங்கள் கேட்டது மனசில் நிற்கிறது.

குழு அக்காவிடம் பேசினேன். நாளை மாற்ற முடியாதாம், ஆனால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தால் போதும் என்றார். நான் எதிர்பார்க்காத ஒன்றும் கேட்டார்: "நானும் ஒரு தடவை உன்னோட வரட்டுமா? அந்த அம்மாகிட்ட நான் பேசிட்டு இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே நடந்துட்டு வாங்க." எனக்குச் சந்தோஷம்தான், கூடவே பயம். வந்த இடத்தில் சுவிசேஷக் கைப்பிரதியை நீட்டிவிட்டால்?

கண்ணாடிச்சில்லு:

அந்தப் பயத்தை அக்காவிடமே நேராகச் சொல்லிவிடுங்கள். தோழியிடமும் "சபை அக்கா ஒருத்தர் வரேன்னு சொல்றாங்க, உனக்குச் சரியா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். முடிவு அவளுடையது, அவள் வீடு. அவள் வேண்டாம் என்றால், அதற்கு வேறு காரணம் கற்பிக்காமல் அப்படியே அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.