புதுப்பிப்பு: பழைய டாஸ் கேலக்ஸி சைக்கிளில் முன் கேரியர் பொருந்திவிட்டது

முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் அடியில் பக்கத்துக்கு ஒரே துளை, அதிலும் மட்கார்டு கம்பி. முன்பக்கப் பையைத் தாங்கும் கேரியரை எங்கே பூட்டுவது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, இரண்டையும் ஒரே போல்ட்டில் பூட்டச் சொன்ன யோசனைதான். 5 மி.மீ. போல்ட்டையே நீளமாக வாங்கி, கேரியர் காலை உள்ளேயும் மட்கார்டு கம்பியை வெளியேயும் வைத்து, நைலான் வளையம் வைத்த, எளிதில் தளராத நட்டால் இறுக்கினேன்.

எதிர்பாராத சிக்கல் மேலே வந்தது. கேரியரின் மேல்பக்கத்தைப் பூட்டும் நாக்குத் தகடு, முன் பிரேக்கை ஃபோர்க்கில் பிடிக்கும் போல்ட்டில் 3 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்ள, நட்டு இரண்டே புரியில் தொங்கியது. பிரேக் விஷயம், அப்படியே ஓட்டிவிடாதீர்கள். நீளமான பிரேக் போல்ட் போட்ட பிறகே சாலையில் இறக்கினேன்.

பை விளக்கை மறைத்ததால், விளக்கைக் கேரியரின் முன்கம்பிக்கு மாற்றிவிட்டேன். 3 கிலோ சுமையோடு ஓட்டியதில் துளி ஆட்டமும் இல்லை.