வெளிநாடு போய் கடற்கரையில் சும்மா கிடப்பது வீணா?

நடைராசா:
தாய்லாந்துக்கு முதுகுப்பையோடு போகிறவர்களில் பலர், பாதிப் பயணத்தைக் கோ லந்தா மாதிரி ஏதாவது ஒரு தீவில் மல்லாந்து கிடந்தே முடித்துவிடுகிறார்கள். அலைந்து திரிந்து விடுப்பு வாங்கியது இதற்குத்தானா? பாங்காக்கிலிருந்து ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் அயுத்தயா. 1767இல் பர்மியப் படை அழித்த தலைநகரம். அதைக்கூடப் பார்க்காமல் ஊஞ்சல் படுக்கையில் தூங்குவதற்கு வெளிநாடு எதற்கு?

உப்புக்காற்று:
அயுத்தயாவில் மரவேருக்குள் சிக்கிய புத்தர் தலையைப் பார்த்திருப்பீர்கள். வரிசையில் நின்று, குனிந்து ஒரு படம், அடுத்த கோயிலுக்கு ஓட்டம். இது நுனிப்புல் மேய்வது இல்லாமல் வேறென்ன? அந்தத் தீவுகளில் கடல் உள்வாங்கும் நேரத்தில் மணலில் உட்கார்ந்து பாருங்கள். சுண்டு விரல் நகமளவு நண்டுகள் வளையிலிருந்து வரும். மணலை வாயில் அள்ளி, ஒட்டியிருக்கும் உணவைச் சலித்துக்கொண்டு, மிச்சத்தைக் குட்டி உருண்டையாகப் போட்டுவிட்டு நகரும். கொஞ்ச நேரத்தில் வளையைச் சுற்றி கோலம் போட்ட மாதிரி ஆகிவிடும். அவசரத்தில் இருக்கிறவர் அதை மிதித்துக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

நடைராசா:
நண்டு பார்க்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அங்கே படுத்திருப்பவர்களில் எத்தனை பேர் நண்டு பார்க்கிறார்கள்? எல்லார் கையிலும் போன். பேசுவதும் தங்களைப் போலவே மூட்டை தூக்கி வந்தவர்களோடு மட்டும். அந்த ஊர்க்காரர் ஒருவரோடு பேசினார்கள் என்றால் அது அறைச் சாவி வாங்கும்போதுதான்.

அலையோரம்:
நீங்கள் இருவரும் கடற்கரையையே மறந்துவிட்டீர்கள். தாய்லாந்தின் பீ பீ தீவுகளில் இருக்கும் மாயா விரிகுடாவை, பவளப்பாறை கெட்டுப்போனதால் 2018 ஜூனில் மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். பவளப்பாறையைக் கெடுத்தது யார்? விசைப்படகில் வந்து நங்கூரம் போட்டு, கொஞ்ச நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிய, பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டு ஓடுகிறவர்கள்தான் பெரும்பாலும். ஆள் நடமாட்டம் நின்றதும் கருமுனைச் சுறாக்கள் திரும்ப வந்தன. இப்போது படகுகள் தீவின் பின்பக்கமாகத்தான் ஒதுங்க வேண்டும்.

நடைராசா:
அப்படியானால் பிலிப்பைன்ஸின் போராகாய் தீவு? அதையும் அதே 2018இல், ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஆறு மாதம் மூடினார்கள். காரணம் கடலில் கலந்த கழிவுநீர். அங்கே தங்கிக் கிடந்தவர்களுக்காகக் கட்டிய விடுதிகளிலிருந்து வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடமா?

உப்புக்காற்று:
கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டது விடுதிக்காரர் குற்றம், அதைக் கவனிக்காத அரசின் குற்றம். படுத்திருந்தவர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? சரி, கூட்டம் கூடினால் எந்த இடமும் தாங்காது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே இடத்தில் தங்குகிறவர் படகும் பேருந்தும் குறைவாகத்தான் ஏறுகிறார். அதையும் கணக்கில் எடுங்கள்.

புதுமூட்டை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஜூலையில் போகிறேன். எந்தப் பக்கம் போனால் நிம்மதியாகப் படுக்கலாம்?

அலையோரம்:
புக்கெட், கிராபி, லந்தா இருக்கும் அந்தமான் கடல் பக்கத்தில் மே முதல் அக்டோபர் வரை பருவமழை, கடலும் முரடாக இருக்கும். தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கும் கோ சாமுய் தீவு அப்போது பரவாயில்லை. அங்கே பலத்த மழை அக்டோபருக்குப் பிறகு. எங்கே போனாலும் சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். இழுநீரில், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள். அப்புறம், மேகமூட்டம் இருக்கிறதே என்று வெயிலை நம்பிவிடாதீர்கள். புற ஊதாக் கதிர் மெல்லிய மேகத்தையும் தாண்டி வரும், மணலும் அதைத் திருப்பி அடிக்கும்.

நடைராசா:
இவ்வளவு பார்த்துப் பார்த்துப் படுப்பதற்கு, பேசாமல் சுகோத்தாய் போங்கள். 13ஆம் நூற்றாண்டுத் தலைநகரம், சைக்கிளிலேயே சுற்றலாம்.

உப்புக்காற்று:
ஜூலையில் அங்கேயும் மழைக்காலம்தான் நடைராசா. சைக்கிளோடு குடையும் கொடுத்து அனுப்புங்கள்.