ஸ்பிரிங் ஷாட்கன் வாங்கலாமா, கேஸா? இரவல் வாங்கியதில் மூன்று குண்டுக்கு இரண்டுதான் வருகிறது

கேள்வி:
வணக்கம். ஏர்சாஃப்டில் (சிறிய பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கி விளையாட்டு) இதுவரை எலக்ட்ரிக் ரைஃபிள் மட்டும்தான் வைத்திருந்தேன். போன வாரம் நண்பர் ஒருவரிடம் மூன்று குழல் உள்ள ஸ்பிரிங் ஷாட்கன் ஒன்றை இரவல் வாங்கி, கட்டடத்துக்குள் நடந்த ஆட்டத்தில் ஒரு நாள் முழுக்க விளையாடினேன். அவ்வளவு பிடித்துப்போனது. ஒவ்வொரு முறையும் பம்ப்பை (குழலுக்குக் கீழே முன்னும் பின்னும் நகரும் பிடி) இழுத்துச் சுடுவதில் இருக்கும் நிதானம் ரைஃபிளில் எனக்குக் கிடைத்ததே இல்லை. ஆனால் ஒரு சிக்கல். ஒரு தடவை சுட்டால் மூன்று குண்டு வரவேண்டும், பல நேரம் இரண்டுதான் வருகிறது, அவசரத்தில் சுட்டால் சில தடவை வெறும் காற்றுதான். இந்த வகைத் துப்பாக்கியே இப்படித்தானா, இல்லை இது பழசாகிவிட்டதா? சொந்தமாக ஒன்று வாங்கப்போகிறேன், ஸ்பிரிங், கேஸ், ஷெல் (குண்டு நிரப்பும் தோட்டா வடிவ டப்பா) வெளியே தெறிக்கும் வகை, இதில் எதை எடுப்பது என்றும் சொல்லுங்கள்.

பதில் 1:
வாங்குவது அப்புறம், முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள். ஷெல்லில் எண்ணி 30 குண்டு போடுங்கள், புதிய குண்டாக இருக்கட்டும், கீழே விழுந்ததைப் பொறுக்கிப் போடவேண்டாம். சில அடி தள்ளி ஒரு அட்டையை வைத்து, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மெதுவாகப் பத்து தடவை சுடுங்கள். பம்ப்பைப் பின்னால் முட்டும் வரை இழுக்கவேண்டும், முன்னால் முட்டும் வரை தள்ளவேண்டும். 30 ஓட்டை விழுந்தால் துப்பாக்கியில் குறை இல்லை. வேகமாகச் சுடும்போது மட்டும் குறைந்தால், நீங்கள் பம்ப்பை முழுசாக இழுக்காமல் விடுகிறீர்கள் என்று அர்த்தம். ரைஃபிளிலிருந்து வருகிற எல்லோருக்கும் முதல் சில நாள் இதுதான் நடக்கும், எனக்கும் நடந்தது. மெதுவாகச் சுட்டும் குறைகிறதா, அப்படியானால் ஷெல்லின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், வேறு ஷெல் போட்டுப் பாருங்கள். அதிலும் அப்படியே என்றால் குழலில் உடைந்த குண்டோ தூசியோ இருக்கும், குண்டையெல்லாம் எடுத்துவிட்டு குழலின் வாய்வழியாகச் சுத்தம் செய்யும் கம்பியை விட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன், நன்றி! மெதுவாகச் சுட்டபோது சரியாக 30. வேகமாகச் சுட்டபோது 25. அப்படியானால் என் கைதான் காரணம். ஆனால் பம்ப் நிஜமாகவே கடினமாக இருக்கிறது, மதியத்துக்கு மேல் கை ஓய்ந்துவிட்டது.

பதில் 1:
கடினமாகத்தான் இருக்கும். டோக்கியோ மாருயி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஸ்பிரிங் ஷாட்கன்களிலும் அதே அமைப்பில் வந்த மற்றவற்றிலும் ஒரே இழுப்பில் மூன்று குண்டுக்கான காற்றையும் தயார் செய்கிறீர்கள். கையால் இழுக்கக்கூடிய அளவுக்குள் அது நிற்கவேண்டும் என்பதால் குண்டு ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வேகமும் குறைவு. 0.20 கிராம் குண்டு நொடிக்கு 85 மீட்டர் போனால் சுமார் 0.72 ஜூல் ஆற்றல்தான் வருகிறது, அதே குண்டு நொடிக்கு 100 மீட்டர் போகும் ரைஃபிளில் அது 1 ஜூல். அதனால் திறந்தவெளியில் ரைஃபிளோடு எதிர் நின்றால் தோற்பீர்கள், 25 மீட்டருக்குள் இருக்கும் வரைதான் இதற்கு மதிப்பு.

பதில் 2:
நான் கேஸ் பக்கம் பேசுகிறேன். மாருயியின் எம்870 என்ற கேஸ் ஷாட்கன் வைத்திருக்கிறேன். பம்ப் குண்டை ஏற்றுவதற்கு மட்டும்தான், சுடும் விசை கேஸிலிருந்து வருகிறது, அதனால் இழுப்பு வெண்ணெய் மாதிரி. ஒரு தடவைக்கு 3 குண்டா 6 குண்டா என்று மாற்றிக்கொள்ளலாம். 30 குண்டு ஷெல்லில் மூன்றாகச் சுட்டால் பத்து தடவை, ஆறாகச் சுட்டால் ஐந்தே தடவை, அதையும் கணக்கில் வையுங்கள். கதவு ஓரத்தில் ஆறு குண்டு சேர்ந்து பரவும்போது எதிரில் இருப்பவர் தப்புவது கஷ்டம். குறைகளும் உண்டு. விலை கூடுதல், குளிர் காலத்தில் அழுத்தம் இறங்கிவிடும், தொடர்ந்து வேகமாகச் சுட்டால் டேங்க் குளிர்ந்து கடைசி ஷெல்லில் வேகம் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். ரப்பர் சீல்களுக்கு சிலிகான் எண்ணெய் போடவேண்டும். கேஸ் எது என்பதும் முக்கியம், கிரீன் கேஸ் அடிப்படையில் புரொபேன், எச்எஃப்சி134ஏ என்ற இன்னொரு கேஸை விட அழுத்தம் அதிகம், உங்கள் மாடல் எதற்குச் செய்யப்பட்டது என்று கையேட்டைப் பார்த்துப் போடுங்கள்.

பதில் 3:
ஷெல் தெறிக்கும் வகையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அழகுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை, ஷெல் வெளியே பறக்கும்போது மனசு நிறைந்துவிடும். ஆனால் ஆட்டத்துக்கு வேண்டாம் என்பேன். ஒவ்வொரு ஷெல்லிலும் சில குண்டுகளே, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிரப்பவேண்டும், புல்லில் விழுந்ததைத் தேடி நான் இழந்த ஷெல்கள் ஒரு கை எண்ணிக்கைக்கு மேல்.

உங்கள் நிலையில் நான் ஸ்பிரிங்தான் எடுப்பேன். பேட்டரி இல்லை, கேஸ் இல்லை, குளிரும் மழையும் அதை ஒன்றும் செய்யாது, ஒரு வருஷம் மூலையில் கிடந்தாலும் எடுத்த உடனே சுடும். பிளாஸ்டிக் உடம்பா உலோக உடம்பா என்று குழம்பவேண்டாம், பம்ப் ஓடும் தண்டும் ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்பகுதி) சேரும் இடமும் ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும் கையில் பிடித்துப் பாருங்கள், முதலில் தளர்வது அங்கேதான். இன்னொன்று, இவற்றில் பெரும்பாலும் ஹாப்-அப்பை (குண்டைப் பின்பக்கமாகச் சுழலவைத்து தூரம் போகச் செய்யும் அமைப்பு) மாற்ற முடியாது. அதனால் கனமான குண்டு வாங்கிவிட்டு சீக்கிரம் கீழே இறங்குகிறது என்று வருந்தாதீர்கள், 0.20 அல்லது 0.25 கிராமோடு நில்லுங்கள்.

கேட்டவர்:
ஸ்பிரிங் என்று முடிவு செய்துவிட்டேன். கை வலிக்கு ஏதாவது வழி உண்டா? கிட்டத்தில் சுடுவது பற்றியும் கொஞ்சம் பயமாக இருக்கிறது, போன வாரம் ஒருவரை மூன்று அடியில் சுட்டுவிட்டேன், அவர் கழுத்தில் தடிப்பு வந்துவிட்டது.

பதில் 3:
பயம் நல்லதுதான். களத்தில் குறைந்தபட்ச தூரம் என்று விதி இருந்தால் ஷாட்கன்காரர்தான் அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும், ஏனென்றால் நாம்தான் எப்போதும் கிட்டத்தில் போய் நிற்கிறோம். அவ்வளவு அருகில் வந்துவிட்டால் சுடாமல் குரல் கொடுங்கள். கண்ணுக்கு முழுசாக மூடும் கண்ணாடி, வாய்க்கும் பல்லுக்கும் முகமூடி, இது இரண்டு பக்கமும் கட்டாயம்.

கைக்கு: இடது கையால் மட்டும் இழுக்காதீர்கள். ஸ்டாக்கைத் தோளில் அழுத்தி, வலது கையால் முன்னால் தள்ளியபடி இடது கையால் பின்னால் இழுங்கள், பாதி வலி போய்விடும். இடது கைக்காரராக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ஷெல் நான்கு வாங்குங்கள், அதற்கு மேல் ஒரு ஆட்டத்தில் தேவைப்படாது.