ஊருக்குப் போகும்போது பல் கட்டிக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு

மதுரைப் பக்கமிருந்து கனடா, அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருக்கும் பலரும், விழுந்த பல்லைச் சித்திரைத் திருவிழா லீவில் கட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். செலவைப் பார்த்தால் நியாயம்தான். கனடாவின் மாகாணக் காப்பீட்டில் பெரியவர்களுக்குச் சாதாரணப் பல் வைத்தியம் பெரும்பாலும் வராது. அமெரிக்காவில், பாலிசி எடுப்பதற்கு முன்பே விழுந்த பல்லுக்குப் பணம் தராத திட்டங்கள் உண்டு.

ஆனால் ஊரில் போய் இறங்கிய மறுநாளே பல் டாக்டரைப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, கறிவிருந்து என்று நாள் ஓடிவிடும். பிரிட்ஜ், அதாவது இருபக்கப் பற்களைத் தாங்கலாக வைத்து நடுவில் கட்டும் பல் என்றால், அந்த இருபக்கப் பற்களையும் ராவி, அளவெடுத்து, லேபில் செய்து வர வேண்டும். ராவிய எனாமல் திரும்ப வளராது. அதனால் பக்கத்துப் பற்கள் நல்ல நிலையில் இருந்தால் முதலில் இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் வைப்பது பற்றிக் கேளுங்கள். அது எலும்போடு சேர மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும் என்பதால் இரண்டு லீவாகப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்தப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் பிரிட்ஜே நல்லது என்பேன்.

பொருத்தும்போது கலர் பேப்பரைக் கடிக்கச் சொல்வார்கள். மை அழுத்தமாகப் பதிகிற இடம் மேடு, அதை லேசாகத் தேய்த்து விடுவார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் கடி சரியா என்று உங்களுக்கே தெரியாது. எனவே முடியுமானால் முதலில் டெம்பரரி சிமெண்ட்டில் ஒட்டச் சொல்லி, நாலைந்து நாள் வழக்கம்போல இட்லி, கறிதோசை எல்லாம் சாப்பிட்டுப் பாருங்கள். வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் திரும்பப் போய்ச் சரிசெய்யலாம். ஜிகர்தண்டா குடிக்கும்போது கொஞ்சம் கூசுவது சகஜம். கூச்சம் விடாமல் நின்று வலியாக மாறினால் உடனே சொல்லுங்கள், ரூட் கெனால் என்னும் வேர் சிகிச்சை தேவைப்படலாம். இதெல்லாம் ஊரில் இருக்கும்போதே தெரியவேண்டிய விஷயம். விமானம் ஏறிய பிறகு, வேறொருவர் செய்த வேலையில் கைவைக்க இங்கே பல டாக்டர்கள் தயங்குவார்கள்.

அப்புறம், பிரிட்ஜுக்கு அடியில் சாதாரண பிரஷ் போகாது. சூப்பர் ஃப்ளாஸ் என்னும் நுனி விறைப்பான பல் நூலை நுழைத்துத் தினமும் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் தாங்கும் பல்லே சொத்தையாகிவிடும்.

கிளம்பும் முன் எக்ஸ்ரேக்களையும், போட்டது ஜிர்கோனியாவா, உலோகத்தின் மேல் செராமிக்கா என்று எழுதிய சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்.